சீட்டு எழுதியது யார் சார்?

ஆபீஸ் கம்ப்யூட்டரில் சம்பளக் கணக்கு பார்க்கப் போகிறீர்கள். சின்னப் பெட்டி ஒன்று குதித்து வந்து பெயர், பாஸ்வேர்டு கேட்கிறது. கொடுத்ததும் 'வாங்க ராஜா' என்று பக்கம் திறக்கிறது. ராஜாவை விசாரித்ததும் வரவேற்றதும் ஒரே ஆள் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை சார், இரண்டு பேர்!

விசாரித்தவர் வெப் சர்வர். வாசல் வாட்ச்மேன். வரவேற்றது ஸ்கிரிப்ட் என்கிற உள் குமாஸ்தா. வாட்ச்மேன் பாஸ்வேர்டைச் சரிபார்த்து, 'வந்திருப்பது ராஜா' என்று துண்டுச் சீட்டு எழுதி உள்ளே அனுப்புவார். சீட்டின் பெயர் 'ரிமோட் யூசர்'. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1993-ல் பிறந்த சி.ஜி.ஐ. என்ற ஏற்பாட்டின் வழக்கம் இது. பாஸ்வேர்டை மட்டும் குமாஸ்தாவுக்குக் காட்டமாட்டார். அப்பாச்சி சர்வர் அதில் ரொம்பக் கறார். (எனக்கும் காட்டு என்று அடம்பிடித்துக் குறுக்கு வழி கண்டுபிடித்த புரோகிராமர்கள் ஏராளம்!)

சரி, நம்ம ஆள் ஒருத்தன் 'ரிமோட் யூசர்: மேனேஜர்' என்று தானே ஒரு சீட்டு எழுதிக் கொண்டுவந்தால்? பிரவுசர் அனுப்பும் ஹெடர் வரிகளில் எதை வேண்டுமானாலும் எழுதலாமே! அதற்கும் மருந்து உண்டு. வெளியிலிருந்து வரும் ஹெடர்களை உள்ளே அனுப்பும்போது, பெயருக்கு முன்னால் 'எச்.டி.டி.பி.' என்று ஒரு வால் ஒட்டிவிடுவார் வாட்ச்மேன். வால் இருந்தால் வெளியாள் சொன்னது. இல்லாவிட்டால் வாட்ச்மேன் கைப்பட எழுதியது. எளிமையான யோசனை. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வம்பு எப்போது வந்தது என்றால், வாட்ச்மேன் ஒரு கம்ப்யூட்டரிலும் குமாஸ்தா வேறு கம்ப்யூட்டரிலும் உட்கார ஆரம்பித்தபோது. இப்போது நிஜச் சீட்டே பல இடங்களில் ஹெடராகத்தான் பயணம் போகிறது. அதற்கும் வால் ஒட்டிக்கொள்ளும். அசலும் போலியும் ஒரே முகஜாடை! வெளியாள் கொண்டுவரும் சீட்டை வாட்ச்மேன் முதலில் கிழித்துப்போட்டால்தான் தப்பிக்கலாம்.

கிழித்தும் ஏமாந்த கதை உண்டு. பெயரை உள்ளே அனுப்பும்போது ஹைஃபன், அண்டர்ஸ்கோராக மாறிவிடும். ஹைஃபன் போட்ட போலியைக் கிழித்தார்கள். அண்டர்ஸ்கோர் போட்ட போலி சாவகாசமாக உள்ளே போய் அதே பெயரில் உட்கார்ந்துகொண்டது! பைத்தான் உலகின் ஜாங்கோவில் 2015 ஜனவரியில் இதற்கு ஒட்டுப்போட்டார்கள். என்ஜின்எக்ஸும் அப்பாச்சி 2.4-ம் அண்டர்ஸ்கோர் ஹெடர்களைத் தாமாகவே கழித்துவிடும்.

இன்னொன்று, கொல்லைப்புறக் கதவு. வாட்ச்மேனைச் சுற்றிக்கொண்டு குமாஸ்தாவின் போர்ட்டுக்கே நேராகப் போக முடிந்தால், கையில் போலிச் சீட்டோடு யாரும் மேனேஜர் ஆகலாம். உங்கள் சம்பளத்தைப் பார்க்கலாம், உங்கள் லீவை ரத்தும் செய்யலாம். உங்கள் ஆபீஸ் சிஸ்டம் ஆசாமியை நாளைக்கு டீக்கடையில் மடக்கி, "அந்தப் போர்ட் எல்லாருக்கும் திறந்திருக்கா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினால், திறந்திருக்கிறது!