பௌர்ணமியும் பரீட்சையும்

அருணாசலேசுவரர் ஆலயத்தை அண்டியே ஜீவிக்கும் திருவண்ணாமலையில், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஜனங்கள் திரள்திரளாகச் சுற்றிவரும் இரவுகளில், தோசைத் தட்டை நீட்டுகிறவனும், வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துத் தருகிறவனும், தங்கும் விடுதியின் மேஜையில் யாத்திரிகரின் ஆதார் எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறவனும், அன்று பகலில் கல்லூரி வகுப்பில் அமர்ந்திருந்தவர்களாக இருப்பது அபூர்வமன்று. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பார்ட் டைம்’.

தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் காலை, பிற்பகல் என இரு சுழற்சிகளாக வகுப்புகள் நடைபெறுவதால், அரை நாள் மாணவனின் கையில் மிஞ்சுகிறது. புதுமைப் பெண் திட்டம் 2022 முதலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதலும், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வந்தவர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கி வருகின்றன. அது பேருதவிதான் எனினும், ஜவ்வாது மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து நகரில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு, வாடகை, மெஸ் பாக்கி, பரீட்சைக் கட்டணம், கைப்பேசி ரீசார்ஜ் ஆகிய நான்கையும் அதைக் கொண்டு தீர்த்துவிட இயலாது.

ஆகவே அவன் துணிக்கடைக்கும், ஜெராக்ஸ் கடைக்கும், எல்லாவற்றினும் அதிகமாகக் கேட்டரிங்குக்கும் போகிறான். முகூர்த்த நாளுக்கு முந்திய மாலை காண்டிராக்டரின் வாட்ஸ்அப் குழுவில் இத்தனை பேர் தேவை என்று செய்தி வரும். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாகக் கல்யாண மண்டபத்தில் இறங்கி, இலை போட்டு, பந்தி பரிமாறி, கடைசிப் பந்தி எழுந்த பின்னரே தானும் உண்டு, கூலியை அன்றைக்கே கையில் வாங்கிக்கொண்டு திரும்பலாம். மாதச் சம்பளத்துக்குக் காத்திராத இந்த ரொக்கமே அதன் ஆகர்ஷணம்.

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. கல்லூரி ஆங்கில மாதங்களைக் கொண்டு நடக்கிறது. ஊரோ திதியையும் முகூர்த்தத்தையும் கொண்டு நடக்கிறது. நவம்பர், டிசம்பரில் ஒரு செமஸ்டர் பரீட்சை வருகிறது. பத்து நாள் கார்த்திகைத் தீப உற்சவமும், ஐப்பசி கார்த்திகைக் கல்யாணங்களும் வருவது அப்பொழுதுதான். ஏப்ரல், மே மாதங்களில் அடுத்த பரீட்சை. கிரிவலக் கூட்டம் பெருகும் சித்ரா பௌர்ணமியும் அதே பருவத்தில்தான். பரீட்சையின் நெருக்கடி சற்றே தணிந்திருக்கும் ஆடியிலும் மார்கழியிலும், கல்யாணம் இல்லாமையால் பந்தியும் இல்லை. படிப்பு எப்பொழுது அவனை முழுமையாகக் கேட்கிறதோ, அப்பொழுதே ஊரும் அவனைக் கேட்கிறது என்பதுதான், மற்ற நகரங்களில் இவ்வளவு துலாம்பரமாகத் தெரியாத, இந்த க்ஷேத்திரத்துக்கே உரிய விசேஷம்.

இந்த மோதலைத் தவிர்க்க, வேலையைக் கல்லூரியே தரும் வழியும் உண்டு. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக, பல்கலைக்கழகம் தன் மாணவனுக்கே நூலகத்திலோ அலுவலகத்திலோ பகுதி நேர வேலை தந்து, அதன் ஊதியத்தில் மத்திய அரசும் பங்கேற்கும் ஏற்பாடு உருவாயிற்று. கென்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரியிலோ மாணவர் ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் வேலை செய்தே ஆகவேண்டும். நம் தேசத்திலும் இது புதிதன்று. 1919இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை நிறுவிய கர்மவீரர் பாவுராவ் பாட்டீல், உழைத்துக்கொண்டே கற்கும் முறையைச் சாதாராப் பிரதேசத்துக் குடியானவப் பிள்ளைகளிடையே வேரூன்றச் செய்தார். அவர் பெயராலேயே புணே பல்கலைக்கழகத்தில் இத்தகைய திட்டம் நடைபெறுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட வரைவு நெறிமுறையும், பின்தங்கிய பிரிவு மாணவர்க்குக் கல்லூரிக்குள்ளேயே வாரம் 20 மணி நேரத்துக்கு மேற்படாத வேலை தரலாமென்று யோசனை கூறிற்று.

கல்லூரிக்கு வெளியிலோ அவனுக்கென்று தனி வரம்பு கிடையாது. 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுப்பது முழு நேர ஊழியரை மனத்தில் வைத்தே. 2021இல் செய்யப்பட்ட திருத்தம் கடை ஊழியருக்கு அமர்வதற்கு ஆசனம் தரவேண்டுமென்று கட்டளையிட்டது. துணிக்கடையில் நிற்கும் மாணவனுக்கும் அது உரியதே, அவன் அதை அறிந்திருந்தால். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் விடுப்பு என்று ஒன்றை மட்டும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கவும், சேர்க்கைக் காலத்தில் விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றவும், ஆய்வுக்கூடத்தைப் பராமரிக்கவும் ஆள் தேவைப்படத்தான் செய்கிறது. அந்த வேலைகளில் சிலவற்றை மாணவர்க்கு ஊதியத்தோடு ஒதுக்கினால், செலவு பெரிதாயிராது என்பது என் அபிப்பிராயம். பரீட்சை நெருங்கும்பொழுது நூலகர் தாமாகவே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கார்த்திகை மகா தீபத்துக்கு முந்திய நாள் ஓட்டல் முதலாளியிடம் போய் அந்த விடுப்பைக் கேட்க எந்தப் பிள்ளைக்கும் நா எழாது.