உஷார்! டிக்கியில் இடம் மிச்சம் என்று ஊஃபரை எங்கே ஒளிக்கிறார்கள் தெரியுமா?

கொல்கத்தாவில் எஸ்யூவி வைத்திருக்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் இதைச் சத்தம் போட்டே சொல்ல வேண்டியிருக்கிறது. கார் செட் பொருத்தும் கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: பேஸ் நெஞ்சில் அதிர வேண்டும், ஆனால் டிக்கியில் ஒரு இன்ச்கூடப் போகக் கூடாது. பூஜை லீவில் குடும்பத்தோடு தீகாவுக்கோ பூரிக்கோ டார்ஜிலிங்குக்கோ கிளம்பினால் பெட்டி படுக்கை வைக்க இடம் வேண்டுமே. நியாயமான ஆசைதான். கடைக்காரரும் உடனே தலையாட்டுவார். பேஸ் தரும் ஊஃபரை முன்சீட்டுக்கு அடியில் வைக்கலாம், ஸ்டெப்னிக் குழிக்குள் வைக்கலாம், டிக்கியின் பக்கச் சுவரைக் குடைந்து வைக்கலாம் என்பார். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும். டிக்கியைத் திறந்தால் பளிச்சென்று காலியாக இருக்கும்.

அந்த மூன்றுமே காலி இடங்கள் இல்லை. ஏர்பேக் வயர் ஓடுவது அங்கே. பெட்ரோல் டேங்க் இருப்பது அதை ஒட்டி. கொல்கத்தாவில் மழைத்தண்ணீர் வண்டிக்குள் ஏறினால் முதலில் தேங்குவதும் அங்கேதான்.

முன்சீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இப்போது அதிகம் விற்பது சீட்டுக்கு அடியில் செருகும் தட்டையான ஊஃபர்தான். ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே உலோகப் பெட்டிக்குள், ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நல்ல கம்பெனிப் பொருளாக இருந்தால் பொருளில் குறை இல்லை. குறை, அதைத் திணிக்கும் இடத்தில். 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். 2021 முடிவதற்குள் பக்கத்து சீட்டுக்கும் கட்டாயமாகிவிட்டது. இப்போது 6 ஏர்பேக் வைத்த வண்டிகள் சாதாரணம். அதில் 2 சீட்டின் முதுகுக்குள்ளேயே பக்கவாட்டில் மடிந்து உட்கார்ந்திருக்கும். அதற்கான வயர் சீட்டுக்கு அடியில்தான் வருகிறது. குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள், மஞ்சள் நிறக் கப்ளர் ஒன்று தெரியும். அந்த மஞ்சள் சும்மா போட்டதல்ல. பயிற்சி இல்லாதவன் கைவைக்காதே என்று கார் செய்தவன் சொல்லும் எச்சரிக்கை. பல மாடல்களில் விபத்து நேரத்தில் சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பிடிக்கும் சாதனத்தின் வயரும், ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் சென்சாரின் வயரும் அதே கட்டில் ஓடும்.

ஊஃபரை நுழைக்க இந்தக் கட்டை ஓரமாகத் தள்ளி டேப் சுற்றிவிடுகிறார்கள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துகிற ஒவ்வொரு தடவையும் அந்த வயர் ஊஃபரின் உலோக விளிம்பில் உரசும். இன்னும் மோசம், சாவி ஆன் நிலையில் இருக்கும்போதே மஞ்சள் கப்ளரைக் கழற்றுவது. மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும். பெஹாலாவில் நமக்குத் தெரிந்த பையன் ஒருவன் புது வண்டியில் அந்தச் சிவப்பு விளக்கோடு வந்து நின்றான்.

"அண்ணா, கடையில கேட்டேன். குச் நஹீ ஹோகா, வயர் லூஸா இருக்கும், தானாவே அணைஞ்சுடும்னாங்க."

"அது எரியற வரைக்கும் ஏர்பேக் வேலை செய்யும்னு நம்ப முடியாதுடா. முதல்ல சர்வீஸ் சென்டருக்குப் போ."

"திரும்பப் போனா அவங்களே அணைச்சுக் குடுத்துடறேன்னு சொல்றாங்களே?"

அவன் கடைசியாகச் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குப் பகீரென்றது. காசு விலையில் கிடைக்கும் சின்ன ரெசிஸ்டர் ஒன்றை அந்த வயரின் குறுக்கே வைத்தால் கம்ப்யூட்டர் ஏமாந்துபோய் விளக்கை அணைத்துவிடும். விளக்கு அணையும், அந்த ஏர்பேக்கும் சேர்ந்து செத்திருக்கும். உங்கள் மனைவி, பிள்ளை உட்காருகிற சீட் அது. யாராவது "விளக்கை அணைத்துத் தருகிறேன்" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். சாவியைத் திருப்பினால் அந்த விளக்கு சில நொடி எரிந்து தானே அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும் கோளாறு, அணையாமல் இருந்தாலும் கோளாறு.

இனி தண்ணீர். சென்னையிலும் வெள்ளம் உண்டு, மும்பையிலும் உண்டு. ஆனால் கொல்கத்தாவின் கதை கொஞ்சம் வேறு. ஹூக்ளியில் ஏற்றநீர் வந்துவிட்டால் மதகுகளை மூடிவிட வேண்டும். மழை கொட்டிக்கொண்டே இருந்தாலும் ஊர்த்தண்ணீர் ஆற்றுக்குப் போக வழியில்லாமல் தெருவில் நிற்கும். 2025 செப்டம்பர் 23-ஆம் தேதி விடிந்தபோது என்ன ஆனது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 24 மணி நேரத்துக்குள் 251.4 மில்லிமீட்டர். 1986-க்குப் பிறகு ஒரே நாளில் அவ்வளவு மழையை நகரம் கண்டதில்லை. கரியா, ஜோத்பூர் பார்க், காளிகாட், பாலிகஞ்ச் எல்லாம் மிதந்தன. அந்த மழையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தெருத் தண்ணீரில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள்.

காரின் 12 வோல்ட் அப்படி ஆளைத் தாக்காது. அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது தீயை நினைத்து. ஊஃபருக்கு வரும் தடித்த சிவப்பு வயர் பாட்டரியிலிருந்து நேராக வருகிறது. சாவியை எடுத்துவிட்டாலும் அதில் கரண்ட் உண்டு. நீங்கள் மாடியில் தூங்கிக்கொண்டிருக்கும்போது கீழே தெருவில் நிற்கும் வண்டிக்குள் தண்ணீர் கதவுக்கு அடியில் கசிந்து கார்ப்பெட்டில் ஊறும். கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கும் பஞ்சு அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். சாக்கடை கலந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். செம்பில் பச்சை பூக்கும், இணைப்பில் சூடேறும். பிறகு ஒரு நாள் பாட்டை ஏற்றி வைக்கும்போது கருகல் வாசனை வரும்.

ஸ்டெப்னிக் குழியும் இந்த விஷயத்தில் ஒன்றும் உசத்தி இல்லை. சக்கரத்தின் நடுக் குழிவுக்குள் உட்காரும் வட்ட ஊஃபர்கள் வந்திருக்கின்றன. அறிவோடு செய்த பொருள், சத்தமும் நன்றாகவே இருக்கும். ஆனால் டிக்கியிலேயே தாழ்வான இடம் அந்தக் குழி. டெயில் லைட் கேஸ்கெட் கசிந்தாலும், பின்கதவு ரப்பர் தேய்ந்தாலும், தெருத் தண்ணீர் அடியிலிருந்து ரப்பர் மூடி வழியாக ஏறினாலும் அங்கேதான் நிற்கும். ஊஃபரைப் போட்ட பிறகு நீங்கள் அந்த மூடியைத் திறந்தே பார்க்க மாட்டீர்கள். ஸ்கார்ப்பியோ, பொலேரோ, தார், ஃபார்ச்சூனர் மாதிரி ஸ்டெப்னியை வெளியே தொங்கவிட்ட வண்டிகளுக்கு இந்த யோசனையே பொருந்தாது. அங்கே சிலர் ஸ்டெப்னியே வேண்டாம், பஞ்சர் கிட் போதும் என்கிறார்கள். 2020-ல் வந்த விதி அதற்கு இடம் கொடுக்கிறது என்பது உண்மைதான், ஆனால் டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் சாதனமும், ரிப்பேர் கிட்டும் வண்டியோடு வந்திருந்தால் மட்டும். பாட்டுக்காக ஸ்டெப்னியை வீட்டில் விட்டுவிட்டு சிலிகுரி ரோட்டில் நடுராத்திரி பக்கவாட்டில் கிழிந்த டயரோடு நிற்காதீர்கள். கிழிசலை எந்தக் கிட்டும் அடைக்காது.

பக்கச் சுவரைக் குடைவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செய்யாதீர்கள். டிரில் எங்கே போய் நிற்கும் என்பதை டிரில் பிடித்தவனே பார்க்க முடியாது. தளத்தில் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ அடிப்பதும் அப்படித்தான். பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பிரேக் குழாயும் தளத்துக்குக் கீழேதான் ஓடுகிறது. சிஎன்ஜி சிலிண்டர் வைத்த வண்டி, தளத்தில் பாட்டரி வைத்த மின்சார வண்டி, ஹைப்ரிட், இவற்றில் ஓட்டை போடும் பேச்சே எழக் கூடாது. ஹைப்ரிட்டில் பின்சீட்டு ஓரமாகப் பாட்டரிக்குக் காற்றுப் போகும் துளை இருக்கலாம். அதை ஆம்ப்பால் அடைத்தால் பாட்டரி கொதிக்கும்.

எந்த இடத்தில் வைத்தாலும் சரி, ஒன்றை மட்டும் உங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். பானெட்டைத் திறந்து, பாட்டரியின் பாஸிட்டிவிலிருந்து ஊஃபருக்குப் போகும் வயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்பிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்ப்பைக் காப்பாற்றும். பாட்டரிக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஓடும் நாலைந்து மீட்டர் வயரைக் காப்பாற்றாது. அந்த வயர் என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாக வருகிறது. ரப்பர் புஷ் போடாமல் இழுத்திருந்தால், வண்டி குலுங்கக் குலுங்க, தகட்டின் கூர்விளிம்பு வயரின் தோலை அறுத்துக்கொண்டே இருக்கும். தோல் போய்ச் செம்பு தகட்டைத் தொட்ட நொடியில் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பக்கத்தில் ஃப்யூஸ் இருந்தால் 'டப்'பென்று அறுந்து கதை அதோடு முடியும். இல்லாவிட்டால் கார்ப்பெட்டுக்கு அடியில் அந்த வயர் முழுவதும் ஹீட்டர் காயில் மாதிரி பழுக்கும்.

வயரையும் சோதியுங்கள். நுனியில் ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளேயும் செம்பு நிறம் இருக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே கனத்தில் செம்பு தாங்கும் கரண்ட்டை அது தாங்காது. பெட்டியில் 3000 வாட் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஆம்ப்பில் செருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்றால் 13 வோல்ட்டில் உள்ளே போவதே 390 வாட்தான். அதற்குமேல் வெளியே எங்கிருந்து வரும்?

அப்படியானால் என்னதான் செய்வது? டிக்கியில் கொஞ்சம் இடத்தைக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் கட்சி. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரிலேயே பெரிய சத்தம், இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. ஸ்பீக்கர் உலகத்தில் ஹாஃப்மன் பெயரால் இதை இரும்பு விதி என்றே சொல்கிறார்கள். நல்லவேளையாக மூடிய கார் சின்ன அறை; ஆழ்ந்த ஒலியை அதுவே தூக்கிக் கொடுக்கும். எஸ்யூவியில் டிக்கியும் உட்காரும் இடமும் ஒரே கூடம் என்பதால் பின்னால் வைத்த பேஸ் முன்சீட்டு வரை தடையில்லாமல் வரும். எனவே 12 இன்ச் ராட்சசன் வேண்டியதில்லை. ஆழம் குறைந்த 10 இன்ச் ஊஃபருக்கு 15 முதல் 17 லிட்டர் கொண்ட மூடிய பெட்டி போதும். பலகைக் கனத்தையும் சேர்த்தால் வெளியளவு சுமார் 25 லிட்டர் வரும். கிரெட்டாவின் டிக்கி 433 லிட்டர், பிரெஸ்ஸாவுடையது 328. சுவரை ஒட்டி ஓரமாக நிறுத்தினால் ஒரு கைப்பை இடம்தான் போகும். அடியில் ரப்பர் கட்டை வைத்துத் தளத்திலிருந்து உயர்த்துங்கள். இழுத்தால் கழலும் பிளக் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும் நாளில் பெட்டியைத் தூக்கி வீட்டில் வைத்துவிடலாம்.

ஆனால் அதைக் கட்டாமல் விடுவது கொலைக்குச் சமம். செடானில் டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தடுப்பு உண்டு. எஸ்யூவியில் பின்சீட்டின் முதுகு உயரத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 20 கிலோ பெட்டி ஏறக்குறைய 400 கிலோ எடையின் விசையோடு முன்னால் பாயும். பாதையில் இருப்பது பிள்ளைகளின் தலை. தொழிற்சாலையிலேயே வரும் கொக்கிகளில், தளத்தில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளில், ரேச்செட் பட்டையால் இறுக்குங்கள். புதுத் துளை வேண்டாம்.

7 சீட்டு வண்டியில் கடைசி வரிசையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்டி வைக்கிறவர்கள் ஆர்சியில் இருக்கும் சீட்டு எண்ணிக்கையை நினைத்துப் பார்க்கட்டும். ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விளையாட்டல்ல. ஊஃபரின் பில்லைக் காட்டி, கூடுதல் மின்சாதனம் என்று இன்ஷூரன்ஸில் சேருங்கள். அதன் மதிப்பில் 4 சதவீதம்தான் பிரீமியம். சேர்க்காத பொருளுக்குக் காசு வராது.

ஏற்கெனவே சீட்டுக்கு அடியிலோ ஸ்டெப்னிக் குழியிலோ பொருத்திவிட்டவர்கள் அடுத்த பெருமழைக்குக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே கார்ப்பெட்டைத் தூக்கிக் கையை அடியில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊஃபர் வயரில் பாட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்யூஸை உருவிவிட்டுத்தான் மற்ற வேலை. தெருவில் தண்ணீர் ஏறும் என்று தோன்றுகிற ராத்திரியிலும் படுக்கப் போகும் முன் அதை உருவிவிடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆவதற்கு அது தேவையே இல்லை. பானெட்டுக்குள் தேடியும் ஃப்யூஸ் கண்ணில் படவில்லையா? 10-ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்து முதலில் பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், பிறகு ஊஃபருக்குப் போகும் சிவப்பு வயரை பாஸிட்டிவிலிருந்து பிரித்து நுனிக்கு டேப் சுற்றுங்கள், நெகட்டிவைத் திரும்ப மாட்டுங்கள். தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து ஃப்யூஸ் போடும்வரை அந்த வயர் அப்படியே கிடக்கட்டும்.