கசப்பை அளப்பது எப்படி?

பாகற்காய் கசக்கும்; வேப்பிலை அதைவிடக் கசக்கும். எத்தனை மடங்கு என்று கேட்டால் நம்மால் விடை கூற இயலாது. நீளத்திற்கு அளவுகோல் உண்டு; வெப்பநிலைக்கு வெப்பமானி உண்டு. கசப்பை அளக்க என்ன உண்டு?

இக்கேள்விக்கு விடை காணப் பெரிதும் முயன்றவர்கள் பீர் தயாரிப்போர் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். மது உடலுக்குத் தீங்கு தருவது. அதைப் பருகத் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆளுக்கு ஆள் மாறுபடும் சுவையுணர்வை நம்பத்தகுந்த ஓர் அளவீடாக மாற்ற முடியுமா என்பதே நாம் இங்கு ஆராய்வது.

கசப்பின் பிறப்பிடம்

முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இதை நொதிக்கச் செய்து பீராக மாற்றுகிறது. நொதிக்கும் முன்னர், ஹாப் என்ற கொடியின் பெண்பூக்களை இச்சாற்றில் இட்டுக் கொதிக்க வைப்பார்கள். ஜெர்மனியின் ஹாலர்டாவ் வட்டாரமும் அமெரிக்காவின் யாகிமா பள்ளத்தாக்கும் ஹாப் சாகுபடிக்குப் பெயர் பெற்றவை.

ஹாப் பூவின் செதில்களுக்கு அடியில் மஞ்சள் தூள் போன்ற சுரப்பிகள் உள்ளன. அவற்றில் ஆல்ஃபா அமிலங்களும் நறுமண எண்ணெய்களும் இருக்கின்றன. ஆல்ஃபா அமிலம் நீரில் எளிதில் கரையாது. ஆனால் ஒரு மணி நேரம் போலக் கொதிக்கும்போது, அணுக்களின் எண்ணிக்கை மாறாமல் மூலக்கூறின் அமைப்பு மட்டும் மாறி, ஐசோ ஆல்ஃபா அமிலம் உண்டாகிறது. பீரின் கசப்புக்கு இதுவே முதற்காரணம். பீரைக் கெடுக்கும் பல பாக்டீரியாக்களையும் இது வளரவிடாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய ஒருவகைப் பீரில் ஹாப் மிகுதியாக இடப்பட்டது. 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அதனால் வந்ததே.

1972இல் அமெரிக்காவில் காஸ்கேட் என்ற ஹாப் வகை வெளியிடப்பட்டது. நாரத்தை, பம்பளிமாஸ் போன்ற பழங்களை நினைவூட்டும் மணம் உடையது இது. கலிபோர்னியாவில் 1980இல் பீர் தயாரிக்கத் தொடங்கிய சியர்ரா நெவாடா போன்ற சிறு ஆலைகள் இதைத் தாராளமாகப் பயன்படுத்தின. ஹாப் மணமும் கசப்பும் மேலோங்கிய பீர்கள் பின்னர் பல நாடுகளிலும் பரவின.

கருவி தரும் எண்

பீரில் சிறிது அமிலம் சேர்த்து, ஐசோ ஆக்டேன் என்ற கரைப்பானுடன் நன்கு குலுக்கினால், கசப்புப் பொருள்கள் கரைப்பானுக்கு மாறிவிடும். இக்கரைசலின் ஊடே 275 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைச் செலுத்தி, அது எந்த அளவு உட்கவரப்படுகிறது என்று நிறமாலை ஒளிமானியால் அளக்கிறார்கள். கிடைக்கும் உட்கவர் எண்ணை 50ஆல் பெருக்கினால் வருவதே பன்னாட்டுக் கசப்பு அலகு. உட்கவர் எண் 0.8 எனில் கசப்பு 40 அலகு. ஓர் அலகு என்பது தோராயமாக லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம். அமெரிக்க வகை இந்தியா பேல் ஏல் 40 முதல் 70 அலகு வரை இருக்கும்.

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. ஒரே அளவு டிகாக்ஷன் உள்ள இரண்டு தம்ளர் காப்பியில் ஒன்றில் மட்டும் சர்க்கரை இட்டுப் பாருங்கள். கசப்புப் பொருள் இரண்டிலும் ஒன்றே; நாவுக்குக் கசப்பு ஒன்றல்ல. பீரிலும் பார்லியின் இனிப்பு கசப்பை மறைக்கும். மேலும், அதே அலைநீளத்தை உட்கவரும் வேறு ஹாப் பொருள்களைக் கருவி பிரித்தறியாது. கருவி அளப்பது ஒளியை, சுவையை அன்று!

மூக்கின் பங்கு

நாவின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று வரையப்பட்ட பழைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது தவறு. எல்லாச் சுவைகளையும் நாவின் பல பகுதிகளும் உணரும். ஆனால் நாம் சுவை என்று கூறுவதில் பெரும்பகுதி உண்மையில் மணமே. விழுங்கும்போது வாயிலிருந்து ஆவி மேலேறி மூக்கை அடைகிறது. மூக்கை அடைத்துப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டால் இது விளங்கும்.

பழ மணம் தரும் எண்ணெய்கள் கொதிக்கையில் ஆவியாகி ஓடிவிடும். ஆகவே நொதித்தல் முடியும் தறுவாயிலோ முடிந்த பின்போ மீண்டும் ஹாப்பை இட்டு ஊறவைக்கிறார்கள். மிகவும் குளிர்ந்த பீரில் ஆவியழுத்தம் குறைவாதலால் மணம் மந்தமாக இருக்கும். அதனால் நடுவர்கள் கோப்பையை உள்ளங்கையால் சற்றே வெதுப்புவதும் உண்டு. அவர்கள் முதலில் முகர்வார்கள்; பிறகே பருகுவார்கள். விரைந்து ஆவியாகும் மணங்கள் சில நிமிடங்களில் மறைந்துவிடும் அல்லவா?

மூக்கின் நுட்பத்திற்கு ஒரு சான்று: வெயில் பட்ட பீரில் ஐசோ ஆல்ஃபா அமிலம் சிதைந்து, துர்நாற்றமுள்ள ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! பீர்ப் புட்டிகள் பழுப்பு நிறத்தில் இருப்பது இந்த ஒளியைத் தடுக்கவே.

மனிதனே கருவியானால்

மூக்கும் நாவும் நுட்பமானவை. ஆனால் எளிதில் ஏமாறுபவை. விலையும் பெயரும் தெரிந்தால் சுவையே மாறிவிடும். எனவே போட்டிகளில் தயாரித்தவர் பெயரை மறைத்தே கோப்பைகளை வைப்பார்கள். அமெரிக்காவில் 1985இல் தோன்றிய பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் 50 மதிப்பெண்களை இவ்வாறு பிரிக்கிறது: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணரும் தன்மை 5, மொத்த மதிப்பீடு 10. நடுவருக்குப் பிடித்திருக்கிறதா என்பதைவிட, அந்த வகைக்குரிய இலக்கணத்தோடு பீர் பொருந்துகிறதா என்பதே முக்கியம்.

இரண்டு பீர்களுக்கிடையே வேறுபாடு உண்டா என்று மட்டும் அறிய மூன்று கோப்பைச் சோதனை உதவும். இரண்டு கோப்பைகளில் ஒன்றையும், மூன்றாவதில் மற்றொன்றையும் ஊற்றி, மாறுபட்டது எது என்று கேட்பார்கள். குருட்டாம்போக்கில் கூறினாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு சரியாகும். 12 பேரில் 4 பேர் சரியாகச் சொன்னால் அதில் பொருளில்லை. 8 பேர் சொன்னால்? அது தற்செயலாக நிகழும் வாய்ப்பு 100க்கு 2 அளவே. ஆகவே வேறுபாடு உண்மையென்று கொள்ளலாம்.

டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் என்பவரும் இத்தகைய சிக்கலையே சந்தித்தார். பார்லி, ஹாப் ஆகியவற்றின் சில மாதிரிகளை மட்டும் கொண்டு எவ்வளவு உறுதியாக முடிவு கூறலாம் என்று ஆராய்ந்தார். 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்ததே, இன்று மருத்துவம் முதல் வேளாண்மை வரை பயன்படும் டி சோதனை.

இம்முறையை நீங்களும் தேநீரில் செய்து பார்க்கலாம். ஒன்றில் மட்டும் கால் கரண்டி சர்க்கரை கூட்டி, மூன்று தம்ளர்களை நண்பரிடம் கொடுங்கள். எது எங்கே உள்ளது என்பது கொடுப்பவருக்கும் தெரியாமல் இருக்கட்டும். இடம் மாற்றி 12 முறை செய்யுங்கள். "எனக்கு நன்றாகத் தெரிகிறது" என்று நண்பர் கூறுவதை அப்படியே ஏற்க வேண்டாம். எட்டு முறையாவது சரியாகச் சொல்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள்.