கழிபடும் துண்டு சொல்லும் சாட்சி

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகிற உதியன்குளங்கரைப் பிரதேசத்தில், மரச்சீனியும் மீன்கறியும் நெடுங்காலமாக ஏழை எளியவரின் பசியை ஆற்றி வந்திருக்கின்றன. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரவச்செய்த அந்தக் கிழங்கின்மேல் பிற்காலத்தில் ஒரு வியாதியின் பழி விழுந்தது. கணையத்தின் குழாய்களில் சுண்ணாம்புக் கற்கள் படிந்து, சிறு பிராயத்தில் வயிற்றுவலியாகத் தொடங்கி, வாலிபத்தில் நீரிழிவாக முற்றுகிற அவ்வியாதியைக் கேரளத்து மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் நுணுகி ஆராய்ந்து, 1968-இல் ஒரு நூலாகவே எழுதிவைத்தார். கிழங்கிலுள்ள சயனைடுதான் காரணம் என்ற கருத்து நிலைநாட்டப்படவில்லை. நறுக்கிய கிழங்கை நிறைய நீரில் வேகவிட்டு, அந்நீரை வடித்துக் கொட்டுகிற நம் வீட்டு வழக்கமே அவ்விஷத்தைப் பெருமளவு போக்கிவிடும். பிற்கால ஆராய்ச்சியோ நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்-1 என்னும் ஜீனில் மாறுதலைக் கண்டது.

ஆனால் மருத்துவர்களை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொரு விஷயம். பிள்ளைப் பிராயத்தில் வரும் சாதாரண நீரிழிவில் இன்சுலின் ஊசி நின்றுபோனால், சில நாளைக்குள் இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகி நோயாளி பிரக்ஞை இழப்பான். கணையத்தில் கல் படிந்தவர்களோ, சர்க்கரை மிதமிஞ்சி ஏறி, உடல் மெலிந்து எலும்பாகிய நிலையிலும், பெரும்பாலும் அந்த அபாயத்துக்கு ஆளாவதில்லை. இதன் காரணத்தை அறிய, இன்சுலின் சரீரத்தில் பிறக்கும் விதத்தை முதலில் அறிய வேண்டும்.

இன்சுலின் என்பது 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும், 30 கொண்ட மற்றொரு சங்கிலியும் கந்தகப் பிணைப்புகளால் சேர்ந்து அமைந்த புரதம் என்பதை இங்கிலாந்தின் பிரெடெரிக் சாங்கர் 1955-க்குள் முழுமையாக நிறுவி, 1958-இல் நோபல் பரிசும் பெற்றார். இரண்டு சங்கிலிகளும் தனித்தனியே உற்பத்தியாகிப் பின்னர் ஒன்றுசேர்வதாகவே அன்று பலர் எண்ணினார்கள். ஆயினும் சோதனைக் குழாயில் அவ்விரண்டையும் கலந்தபோது, முறைப்படி பிணைந்த இன்சுலின் மிகச் சொற்பமாகவே கிடைத்தது. சிகாகோ சர்வகலாசாலையின் டொனால்ட் ஸ்டைனர், ஒரு நோயாளியின் உடலிலிருந்து அகற்றப்பட்ட, இன்சுலின் சுரக்கும் கட்டியை மெல்லிய சீவல்களாக்கி, கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலங்களில் ஊறவைத்தார். முதலில் கதிரியக்கம் தென்பட்டது இன்சுலினில் அல்ல, அதனினும் பெரிய ஒரு புரதத்தில். நேரம் செல்லச் செல்லத்தான் அது இன்சுலினுக்கு இடம் மாறிற்று. 1967-இல் அவர் வெளியிட்ட அந்தத் தாய்ப் புரதமே புரோஇன்சுலின்.

பதினோராம் குரோமோசோமிலுள்ள ஜீனின் கட்டளைப்படி, கணையத்தின் பீட்டா செல்களில் முதலில் தோன்றுவது 110 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே இழை. அதன் முனையிலுள்ள 24 அமிலங்கள், புரதங்கள் மடிக்கப்படும் உள்ளறைக்குள் இழையைச் செலுத்திவிட்டு அறுபட்டுப் போகின்றன. எஞ்சிய 86-இல், இரு சங்கிலிகளுக்கும் நடுவே ஓர் இணைப்புத் துண்டு நிற்கிறது. வளைவு கட்டும் கொத்தன் அடியில் கொடுக்கும் முட்டுப்போல அது சங்கிலிகளைச் சரியான நிலையில் நெருக்கி வைக்க, கந்தகப் பிணைப்புகள் பிசகின்றி விழுகின்றன. பிறகு சிறு பைகளில் அடைபடும்போது என்சைம்கள் அத்துண்டை இருபுறமும் வெட்டிவிட, இன்சுலின் முற்றுப்பெற்று, ஆறாறு மூலக்கூறுகளாகத் துத்தநாகத்தைச் சூழ்ந்து சேமிப்பில் கிடக்கிறது. இந்த ஆறின் கூட்டமைப்பை 1969-இல் வெளிப்படுத்திய டாரதி ஹாட்ஜ்கினின் ஆராய்ச்சிக் குழுவில், கேரளத்தில் பிறந்த எம். விஜயனும் இருந்தார் என்பதை நாம் உவகையோடு நினைவுகூர வேண்டும்.

வெட்டுண்ட துண்டு, 31 அமினோ அமிலங்கள் கொண்ட சி-பெப்டைடு, வீணாகப் போய்விடுவதில்லை. இன்சுலின் மூலக்கூறு ஒன்று பிறந்தால் இதுவும் ஒன்று பிறந்து, அதனோடு ஏககாலத்தில் இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலினில் ஏறக்குறையப் பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டுவிடும். இதையோ அது தொடுவதில்லை. மேலும் கடையில் வாங்கும் ஊசி மருந்தில் சி-பெப்டைடு கிடையாது. ஆகையால், ஊசி போட்டுக்கொள்பவரின் இரத்தத்திலும், அவருடைய சொந்தக் கணையம் எவ்வளவு சுரக்கிறது என்பதை இத்துண்டைக் கொண்டு அளந்துவிடலாம். இன்சுலின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிரியமான பகுதி இதுதான்.

1980-களில் சென்னையில் எம். விஸ்வநாதன், வி. மோகன் முதலிய மருத்துவர்கள் கணையத்தில் கல் படிந்த நீரிழிவாளரிடம் சி-பெப்டைடை அளந்தபோது, அது குறைந்திருந்ததே ஒழிய அற்றுப்போகவில்லை. மிச்சமிருந்த பீட்டா செல்களின் சொற்ப இன்சுலின், சர்க்கரையை அடக்கப் போதாவிட்டாலும், கொழுப்பு கட்டுமீறிக் கரைந்து கீட்டோனாகாமல் தடுக்கப் போதுமானதாயிருந்தது. உடலில் கொழுப்புச் சேமிப்பே குறைவாயிருந்ததும் அதற்குத் துணைபோயிற்று. இப்போது வயிற்றுவலியும் நீரிழிவுமாக வருகிற ஒருவருக்கு ஸ்கேனில் கற்கள் தென்பட்டால், மருத்துவர் சி-பெப்டைடையும் பார்த்து, சில காலம் மாத்திரை போதுமா, அன்றே ஊசி தொடங்க வேண்டுமா என்று தீர்மானிக்கிறார்.