வளைகுடா நாடுகளில் அழைப்பு வழிப்படுத்தலும் தமிழ் அழைப்பாளரும்

துபாயில் 2010 நவம்பரில் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழிலாளர் உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 80046342. அம்மையம் தமிழிலும் மறுமொழி தரும் வகையில் அமைக்கப்பட்டது. 800 என்னும் முன்னொட்டை நீக்கினால், எஞ்சும் ஐந்து இலக்கங்களும் விசைப்பலகையில் 'இந்தியா' என்னும் சொல்லின் ஆங்கில எழுத்துகளுக்கு உரியவை. ஆங்கில நெடுங்கணக்கு அறிந்தார்க்கு அது நினைவில் நிற்கும். அறியாத கட்டடத் தொழிலாளிக்கு அது வெறும் எட்டு இலக்கம். மொழிச் சிக்கல், அழைப்பு இணைவதற்கு முன்பே, எண்ணிலேயே தொடங்கிவிடுகிறது.

நிறுவன இணைப்பகம் ஒன்றில் அழைப்பு நுழைந்ததும் பதிவுக்குரல் மொழிகளை அடுக்குகிறது. அழைப்பவர் ஒரு விசையை அழுத்தும்போது இரண்டு ஒலியதிர்வுகள் ஒருங்கே எழுகின்றன. 1 எனில் 697, 1209 ஹெர்ட்ஸ். அவ்விணையை இனங்கண்டு இணைப்பகம் அழைப்பை உரிய வரிசைக்கு அனுப்புகிறது. இங்கு அடுக்குமுறை அற்பச் செய்தியன்று. ஒரு மொழிக்கு ஐந்து நொடி எனக் கொண்டால், ஆறாவது இடத்திலுள்ள மொழிக்குரியவர் தமக்கு விளங்காத இருபத்தைந்து நொடிகளைக் கடந்தே தம் மொழியைக் கேட்பார். அழைத்த எண்ணை நினைவில் கொண்டு அடுத்த முறை நேரே தமிழுக்கு அனுப்பும் வசதியும் உண்டு. எனினும் ஒரே அறையில் தங்குவோர் ஒருவர் கைப்பேசியை மற்றவர் வாங்கிப் பேசுமிடத்தில் அது பிழைபடும். மொழியை மாற்றிக்கொள்ள ஒரு விசையேனும் விடப்பட வேண்டும்.

வரிசையின் நீளத்தைக் கணிக்கும் முறையை டென்மார்க்கின் அக்னர் கிராருப் எர்லாங் 1909 முதல் 1917 வரை வெளியிட்ட ஆய்வுகளில் வகுத்தார். அம்முறையை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். நான்கு மொழிகள், மொழிக்கு ஒரு பணியாளர், ஒவ்வொரு மொழியிலும் மணிக்கு ஐந்து அழைப்புகள், உரையாடல் சராசரி ஆறு நிமிடம். பணியாளர் பாதி நேரம் ஓய்வாகவே இருப்பார். ஆயினும் அழைப்பவரின் சராசரிக் காத்திருப்பு ஆறு நிமிடம். நால்வரும் நான்கு மொழியும் அறிந்தவராயின், அதே அழைப்புகளுக்குக் காத்திருப்பு ஏறத்தாழ அரை நிமிடமாகச் சுருங்கும். சிறு மொழிக்குழு தனித்து நிற்பதன் விலை இவ்வளவு பெரிது. எனவேதான் 'திறன்வழி' வழிப்படுத்தலில், தமிழ்ப் பணியாளர் ஓய்வாக இல்லாதபோது தமிழறிந்த மலையாளிக்கோ தெலுங்கருக்கோ அழைப்பு மாற்றப்படுகிறது. தமிழகத்தின் எல்லை மாவட்டங்களில் இயல்பாக வாய்க்கும் இருமொழித் திறன் இங்கு ஒரு தொழில்நுட்ப வளமாகிறது. ஆள்சேர்ப்பில் அதற்குரிய மதிப்பு தரப்படுவது தகும்.

நேரவழி வழிப்படுத்தல் அடுத்தது. அமீரகமும் ஓமானும் இந்திய நேரத்திற்கு ஒன்றரை மணி பின்தங்கியவை. சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி. 2022 சனவரி முதல் அமீரக அரசு அலுவலகங்களின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளி அரை நாளாயிற்று. சார்ஜா மூன்று நாள் விடுமுறையை ஏற்றது; அண்டை நாடுகள் வெள்ளி, சனியையே தொடர்கின்றன. ஒரே குழுமத்தின் இணைப்பகம் இவையனைத்தையும் தனித்தனி அட்டவணையாக வைத்திருத்தல் வேண்டும். கோடையில் சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்விப்பதை அமீரகம் தடை செய்கிறது. தொழிலாளி தொலைபேசியைக் கையிலெடுக்கக் கூடிய அவ்வேளையை அலுவலகத்தின் உணவு இடைவேளையாக வைப்பது பொருந்தாது.

பணியாளரைச் சென்னையில் அமர்த்தி அழைப்பை அங்கு அனுப்பலாகாதா என வினவலாம். இயலும், ஆனால் நினைத்தவாறு அன்று. அமீரகத்தில் இணையவழிக் குரல்சேவை உரிமம் பெற்ற எதிசலாத், டூ ஆகிய நிறுவனங்களுக்குரியது. அவற்றின் வழியாகவே இணைப்புப் பெற வேண்டும். இந்தியாவிலோ பொதுத் தொலைபேசி வலையையும் நிறுவன இணைய வலையையும் கலவாது பிரித்துவைக்கும் விதி நெடுங்காலம் இருந்தது. 2020 நவம்பரிலும் 2021 சூனிலும் வந்த தளர்வுகளே அழைப்பு மையங்களுக்கு இவ்வழியை எளிதாக்கின.

இணைப்பகம் ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்கிறது: எந்த மொழி தெரிவு செய்யப்பட்டது, எத்தனை நொடி காத்திருப்பு, இடையில் துண்டிக்கப்பட்டதா என்பன அதில் அடங்கும். புலம்பெயர் மொழிப் பயன்பாட்டை ஆராய்வோர்க்கு இது நல்ல மூலம். ஆனால் பட்டியலில் தமிழே இல்லாத இணைப்பகத்தில் தமிழ் தேடியவர், ஆங்கிலத்தைத் தெரிவு செய்தவராகவோ பாதியில் துண்டித்தவராகவோ மட்டுமே பதிவாகிறார். அங்குத் தமிழுக்குத் தேவை இல்லை என்று மேலாளர் காட்டும் அறிக்கை, அந்தப் பதிவிலிருந்தே எழுதப்படுகிறது.