தரகரை நிறுத்தினால் போதாது, கொடுத்த தத்துவத்தையும் நிறுத்த வேண்டும்

பெரகலைச் சந்தியில் இரண்டு பெருவீதிகள் பிரிகின்றன. கொழும்பில் இருந்து வரும் ஏ-4 வீதி வெல்லவாயப் பக்கம் இறங்குகிறது. ஏ-16 வீதி அப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலிஎலவுக்குப் போகிறது. இந்தச் சந்திக்கு அருகே 20 பேர்ச் உறுதிக் காணி ஒன்று எங்கள் குடும்பத்துக்கு இருக்கிறது. உறுதி அண்ணனின் பெயரில். 1983 கலவரத்தோடு வவுனியாவுக்குப் போய், பிறகு யுத்தத்தால் லண்டனுக்குப் போனவர் அவர். காணியை விற்றுத் தரும்படி ஒரு தரகரிடம் ஒப்படைத்தோம். தரகுப் பணம் நூற்றுக்கு மூன்று என்று எழுத்தில் பேசிக்கொண்டோம். லண்டனில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் கையொப்பமிட்டு, அவர் பெயருக்கு அற்றோணித் தத்துவமும் அண்ணன் அனுப்பினார்.

பதினான்கு மாதங்களாக ஒழுங்கான கொள்வனவாளர் ஒருவரும் வரவில்லை. எங்களிடம் ஒரு விலையும் வெளியே இன்னொரு விலையும் சொல்லப்படுவதாகக் காதுக்கு எட்டியது. நிறுத்தத் தீர்மானித்தபோதுதான், தரகரோடு எங்களுக்கு இருந்தது ஒரு கட்டு அல்ல, மூன்று கட்டுகள் என்று சட்டத்தரணி விளக்கினார்: தரகு உடன்படிக்கை, அற்றோணித் தத்துவம், அவர் கையில் இருக்கும் பத்திரங்கள். ஒன்றை அவிழ்த்தால் மற்றவை தாமாக அவிழாது.

முதலாவது, தரகு உடன்படிக்கை. இலங்கையில் முகவர் தொடர்பான விடயங்களுக்கு 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின்படி ஆங்கிலச் சட்டமே பொருந்தும். அதன்படி, முகவருக்குக் கொடுத்த அதிகாரத்தை உரிமையாளர் பொதுவாக எந்நேரமும் திரும்பப் பெறலாம். ஆனால் உடன்படிக்கையில் ஒரு வருடம் என்றோ, முப்பது நாள் முன்னறிவித்தல் என்றோ எழுதியிருந்தால் அதை மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்டஈடு கேட்க இடம் உண்டு. ஆகவே முதலில் உடன்படிக்கையை வாசியுங்கள். பிறகு திகதியிட்ட கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதில் மூன்று விடயங்கள் போதும்: இன்ன திகதியோடு அதிகாரம் முடிகிறது; இதுவரை காட்டிய கொள்வனவாளர்களின் பெயர் விபரத்தைத் தர வேண்டும்; பத்திரங்களையும் வாங்கிய முற்பணத்தையும் ஒப்படைக்க வேண்டும். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பெயர் விபரம் ஏன்? தரகர் கூட்டி வந்த ஒருவர் நாளை நேரடியாக உங்களிடம் வாங்கினால், விற்பனைக்குத் தன் முயற்சியே காரணம் என்று தரகர் கூலி கேட்க முடியும். பட்டியல் கையில் இருந்தால் யாருக்குக் கூலி உண்டு, யாருக்கு இல்லை என்பது தெளிவாக இருக்கும்.

இரண்டாவது கட்டுத்தான் ஆபத்தானது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும். தரகு உடன்படிக்கை மட்டும் வைத்திருப்பவர் ஆள் தேடலாம். உறுதியில் கையொப்பமிட முடியாது. அற்றோணித் தத்துவம் வைத்திருப்பவரோ உரிமையாளருக்காகக் கையொப்பமிடலாம். தத்துவம் இரத்தானதை அறியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கிவிட்டால், பிறகு வழக்கும் அலைச்சலும்தான்.

எனவே தத்துவத்தை எழுத்தில் இரத்துச் செய்து, அது பதியப்பட்ட பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் இரத்துப் பத்திரத்தையும் இலங்கைத் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பலாம். வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் அறிவித்தல் போடுவது வழமை. அந்தப் பகுதி நொத்தாரிசுமாருக்கு ஒரு பிரதி கொடுப்பதும் நல்லது. காணிப் பதிவகத்தில் எச்சரிக்கைப் பதிவு போடலாமா என்பதையும் சட்டத்தரணியிடம் கேளுங்கள். எங்கள் பக்கத்துக்கு அது பதுளைக் காணிப் பதிவகம்.

மூன்றாவது, பத்திரங்கள். மூல உறுதியைத் தரகரிடம் விட்டு வைக்க வேண்டிய தேவை இல்லை. பார்க்க வருபவருக்குப் பிரதி போதும். திருப்பித் தர மறுத்தால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து வையுங்கள். யுத்தத்தில் உறுதியைத் தொலைத்தவர்களும், பதியப்பட்ட உறுதியாக இருந்தால், காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

1958, 1977, 1983 வன்செயல்களால் மலையகத்தில் இருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய உறவுகளுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. உங்களில் பலரிடம் இருப்பது உறுதிக் காணி அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப் பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்கும் தரகரோடு அன்றைக்கே பேச்சை முடித்துவிடுங்கள்.

பணத் தகராறு வந்தால், எழுத்து உடன்படிக்கைக்கு ஆறு வருடங்களுக்குள்ளும் வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடங்களுக்குள்ளும் வழக்குப் போட வேண்டும் என்று 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

எங்கள் விடயத்தில் கடிதம் போன மூன்றாம் வாரம் உறுதி திரும்பி வந்தது, பெயர்ப் பட்டியல் வரவில்லை. அண்ணனின் இரத்துப் பத்திரம் பதிவான பிறகே அடுத்த கொள்வனவாளரோடு பேசத் தொடங்கினோம். எங்கள் சனத்துக்குக் காணி என்பது மூன்று, நான்கு தலைமுறை லயத்தில் கிடந்த பிறகு கைக்கு வந்த பொருள். அதை விற்பதா, வைத்திருப்பதா என்பது குடும்பத்தின் முடிவு. அந்த முடிவை எடுக்கும் கையொப்பம் இன்னொருவர் பையில் கிடக்கக் கூடாது.