காய்ச்சல் போச்சு, பலம் எப்போ வரும்?

காஞ்சிபுரத்துல எங்க பக்கம் யாருக்காவது காய்ச்சல் விட்டுச்சுன்னா, அடுத்து மெடிக்கல் ஷாப்புல கேட்கிறது "ஒரு அட்டை பி காம்ப்ளெக்ஸ் குடுங்க". தறியில உட்கார்ந்தாத்தான் கூலி. எத்தனை நாள் படுத்திருக்க முடியும்? அதனால இன்னிக்கு ஒரே கேள்வி: அந்த மாத்திரை நிஜமாவே பலம் தருதா?

பி வைட்டமின் ஒண்ணு இல்ல, மொத்தம் 8. எதுவுமே நேரடியா சக்தி தராது. சாப்பாட்டுலேர்ந்து சக்தியை எடுக்க பி1 மாதிரி சிலது உதவும். புது ரத்த அணு உருவாக ஃபோலிக் அமிலம்னு சொல்ற பி9, கூடவே பி12 வேணும். நோயில சரியா சாப்பிடாமலோ, குடல் சத்தை உறிஞ்சாமலோ இதுல ஏதாவது குறைஞ்சிருந்தா, மாத்திரை பெரிய வித்தியாசம் காட்டும். குறையே இல்லன்னா, பெரும்பாலும் மிச்சம் சிறுநீர்ல போயிடும். மாத்திரை போட்ட அன்னிக்குப் பளிச்சுன்னு மஞ்சளாப் போகுதே, அது பி2தான்.

ஆக, எது குறைஞ்சிருக்குன்னு தெரியணும். அது ஏன் அவ்வளவு முக்கியம்? சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ் கதையைக் கேளுங்க. 1895ல பீமவரத்துல பிறந்தவர். இளம் வயசுலயே 'ஸ்ப்ரூ'ங்கிற குடல் நோய் அவரைப் பிடிச்சுது. சாப்பிட்டது உடம்புல ஒட்டாது, ரத்தம் குறைஞ்சுகிட்டே போகும். அதுலேர்ந்து மீண்டு அமெரிக்கா போனார். 1945ல, லெடர்லி நிறுவனத்துல அவர் தலைமையில இருந்த குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையா தயாரிச்சுது. அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தப்போ ரத்தம் ஊறுச்சு, பசி எடுத்துச்சு.

ஆனா அதே மருந்தை, பெர்னீசியஸ் அனீமியாங்கிற வேற ஒரு ரத்தசோகைக்கும் கொடுத்துப் பார்த்தாங்க. ரத்தம் தேறுச்சு. ஆனா சிலருக்குக் கால் மரத்துப்போச்சு, நடை தடுமாறுச்சு. ஏன்னா அவங்களுக்குக் குறைஞ்சது பி12. அதைத் தனியா பிரிச்செடுத்ததே 1948லதான். ஃபோலிக் அமிலம் ரத்தக் குறையை மறைச்சுடுச்சு. உள்ளே நரம்பு கெட்டுகிட்டே இருந்துச்சு.

இது நம்ம ஊருக்கு ரொம்பப் பொருந்தும். பி12 பால், தயிர், முட்டை, மீன், கறியில இருக்கு. காய்கறி, பருப்பை நம்ப முடியாது. பாலும் குறைவா சேர்த்துக்கிற சைவக் குடும்பங்கள் கவனமா இருக்கணும். சர்க்கரைக்கு ரொம்ப நாளா மெட்ஃபார்மின் சாப்பிடுறவங்களும்தான். குழித்தறியில காலால மிதிச்சுத்தானே வேலை? கால் மரத்தா, "நாள் பூரா குழியில உட்கார்றோம்ல, அதான்"னு விட்டுடுறது சுலபம். விடாதீங்க.

அப்போ என்ன செய்யலாம்? காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு வாரம் அசதி இருக்கிறது சகஜம். புழுங்கலரிசிக் கஞ்சி குடிங்க. நெல்லை அவிக்கும்போது தவிட்டுல இருக்கிற பி1 கொஞ்சம் அரிசிக்குள்ள இறங்கிடும். கூடவே பாசிப்பருப்பு, கீரை, தயிர், முடிஞ்சா முட்டை. பி வைட்டமின்கள் தண்ணியில கரையும், அதனால கீரை வெந்த தண்ணியைக் கொட்டாதீங்க.

பல வாரம் ஆகியும் அசதி போகலையா? கை கால் மரத்துப்போகுதா, நாக்கு எரியுதா, நடை தள்ளாடுதா? நீங்களே அட்டை அட்டையா வாங்கிப் போடாம, டாக்டரைப் பார்த்து "பி12 டெஸ்ட் எடுக்கணுமா?"ன்னு கேளுங்க. கர்ப்பிணிகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஃபோலிக் அமிலத்தை மட்டும் இதைக் கேட்டுட்டு நிறுத்திடாதீங்க. குழந்தைக்கு அது அவசியம்.

வீட்டுல யாராவது "கால் மரத்துப்போகுதுப்பா"ன்னு சொல்லிகிட்டே இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.